வெளியே செம்பு, உள்ளே அலுமினியம்



கணினி விளையாட்டு என்று பேச்செடுத்தாலே நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. முற்றிலும் கூடாது என்போர் ஒருபுறம். வெளியே சுற்றாமல் வீட்டில் இருக்கிறானே, அதுவே போதும் என்போர் மறுபுறம். நாங்கள் இரண்டு கட்சியிலும் மாறி மாறி இருந்திருக்கிறோம்.

எங்கள் மகன் பெருநாள் காசையும், வளைகுடாவிலிருக்கும் மாமா அனுப்பிய அன்பளிப்பையும் சேர்த்து வைத்து, உதிரி பாகங்களாக வாங்கித் தானே ஒரு கணினியைப் பூட்டினான். தடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. சிக்கல் அதன்பின் வந்தது. எங்களுடையது காயல்பட்டினத்துப் பழைய வீடு. தெருவாசலிலிருந்து பின்முடுக்கு வரை நீண்டு கிடப்பது. ரவுட்டர் முன்கூடத்தில் இருக்கிறது. மகனின் அறையோ பின்கட்டு மாடியில். நடுவே சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய மூன்று தடித்த சுவர்கள். அவற்றைத் துளைத்துச் செல்லும் வலிமை வைஃபை அலைக்கு இல்லை. ஆகவே கணினி முன்கூடத்துக்கு இறங்கி வந்தது.

முன்கூடத்தை ஒட்டித்தான் உம்மும்மாவின் அறை. பின்னிரவில் அவர்கள் தஹஜ்ஜுத் தொழுதுகொண்டிருந்தபோது, இவன் விளையாட்டுத் தோழர்களிடம் கத்திய கத்தலில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோனது. எங்களில் ஒருவர் எழுந்து சென்று, ஒரு சொல்லும் பேசாமல் ரவுட்டரை அணைத்துவிட்டார். நான்கு நாட்கள் மகன் எங்களோடு பேசவில்லை. சாப்பிட வருவான், ஸலாம் சொல்லுவான், போய்விடுவான்.

ஐந்தாம் நாள் அவனே வாய் திறந்தான். “உம்மா, அது அஞ்சு பேர் சேர்ந்து ஆடுறது. நான் பாதியில விட்டுட்டுப் போனா மத்த நாலு பேரும் தோத்துருவாங்க. நான் வேணும்னு ஓடிட்டேன்னு நினைச்சிருக்காங்க” என்றான். எங்களுக்கு இது புதிய செய்தி. விளையாட்டென்றால் நினைத்த மாத்திரத்தில் நிறுத்திவிடக்கூடியது என்றே எண்ணியிருந்தோம். அவன் கத்தியது தவறு. நள்ளிரவு தாண்டி விழித்திருந்தது தவறு. ஆனால் சொன்ன சொல்லுக்கு இடையில் நாங்கள் குறுக்கே விழுந்ததும் உண்மை.

பேசி முடிவெடுத்தோம். கணினி மாடியறைக்கே திரும்பும். அதற்கு முன்கூடத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்துக் கொடுப்போம். ஓர் ஆட்டம் முப்பது நாற்பது நிமிடம் நீளும் என்பதால், பாங்கு சொல்ல அவ்வளவு நேரம் இல்லையென்றால் புதிய ஆட்டம் தொடங்குவதில்லை. இரவு பத்தரைக்கு எல்லாம் ஓய்வு.

விளையாட்டுக்காகச் செலவழிப்பது வீண் விரயமாகாதா என்று எங்களுக்குள் ஒரு விவாதமும் நடந்தது. மகள் உஸ்தாதாவிடம் இணைய வழியில் தஜ்வீது ஓதும் அறையும் பின்கட்டில்தான் இருக்கிறது. பாடத்தின் நடுவே குரல் அறுந்து போவதும் அன்றாடம் நடப்பதுதான். அதையும் சேர்த்துப் பார்த்தபோது கேபிள் போடுவதில் தயக்கம் நீங்கியது. எவ்வளவுக்குப் போடுவது என்பதில் மட்டுமே தயக்கம் மிஞ்சியது.

ஏனெனில் மகன் நீட்டிய காகிதத்தில் ‘கேட் 8’ என்று எழுதியிருந்தது. பின்னல் உறை, தங்க முலாம் பூசிய முனை, விளையாட்டுக்கென்றே தயாரித்தது என்ற விளம்பரம். விலையைக் கண்டு திகைத்தோம். அவனையே உட்கார வைத்து இருவருமாகப் படித்தோம். கேட் 8 என்பது தரவு மையங்களில், முப்பது மீட்டருக்குள், விநாடிக்கு 25 அல்லது 40 கிகாபிட் வேகத்தில் கருவிகளை இணைப்பதற்காக வகுக்கப்பட்டது. எங்கள் வீட்டுக்கு வரும் இணைப்போ 100 மெகாபிட். கேட் 5இ கேபிளே ஒரு கிகாபிட்டை நூறு மீட்டர் தொலைவுக்குக் கொண்டு செல்லும். கேட் 6 அதே வேலையை இன்னும் தாராளமாகச் செய்யும்; ஐம்பது மீட்டர் அளவில் பத்து கிகாபிட்டையும் தாங்கும். கேட் 7 என்று விற்கப்படுவதை அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தரநிலைகள் ஏற்கவே இல்லை.

“ஆனா கேட் 8-ல லேக் கம்மியாகும்ல?” என்றான். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செம்பில் மின்குறி ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகிறது. எங்கள் வீட்டின் 25 மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு விநாடியின் எண்பது இலட்சத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். எண் ஐந்தானாலும் எட்டானாலும் இதில் மாற்றமில்லை. அவன் ஆடும் விளையாட்டின் சர்வர் மும்பையில் இருக்கிறது. நேர்கோட்டில் பார்த்தாலே அது 1300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே குறைந்தது 13 மில்லி விநாடி வேண்டும். வழியிலுள்ள வளைவுகளும் நிறுத்தங்களும் அதை இரண்டு மூன்று மடங்காக்குகின்றன. கேபிள் செய்யக்கூடியது வேறொன்று. வைஃபையில் நாற்பது, நூற்றிருபது, இருநூறு என்று துள்ளும் பிங் எண்ணை அது ஒரே நிலையில் நிறுத்தும். விளையாடுவோரின் பொறுமையைக் குலைப்பது அந்தத் துள்ளல்தான். இதைப் புரிந்துகொண்டதும் மகனே காகிதத்தில் 8 என்பதை அடித்து 6 என்று எழுதினான்.

இனிமேல் தவறு எங்களுடையது. பக்கத்து ஊர்க் கடையொன்றில் ‘கேட் 6’ என்று அச்சிட்ட கேபிள், மற்ற இடங்களில் கேட்டதில் பாதிக்கும் குறைவான விலையில் கிடைத்தது. சிக்கனம் செய்துவிட்டோம் என்ற பெருமையோடு 25 மீட்டர் வாங்கி வந்து இழுத்தோம். முனை பூட்டும்போதே ஒரு கம்பி முறிந்தது. மீண்டும் பூட்டினோம். இணைப்பு ஒரு கிகாபிட்டுக்குப் பதில் 100 மெகாபிட்டிலேயே நின்றது. ஒரு கிகாபிட்டுக்கு நான்கு இணைக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். ஒன்றில் பழுது என்றால் கருவிகள் இரண்டு இணைகளோடு 100-க்கு இறங்கிவிடும். அது போகட்டும், எங்களுக்கு 100 போதும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பே அறுந்தது. மாடியிலிருந்து கத்தல் கேட்டது. உம்மும்மா எங்களைப் பார்த்தார்கள்.

மகன் மிச்சத் துண்டொன்றை எடுத்து, கம்பியின் மேல் பிளேடால் சுரண்டினான். செம்பு நிறம் உரிந்தது. உள்ளே வெள்ளி போல் பளபளத்தது அலுமினியம்.

செம்பு பூசிய அலுமினியக் கம்பிக்குச் சந்தையில் சிசிஏ என்று பெயர். மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எளிதில் முறியும். கேட் 5இ, கேட் 6 தரங்கள் முழுச் செம்பையே கோருகின்றன. ஆகவே இந்தக் கம்பியின் மேல் ‘கேட் 6’ என்று அச்சிடுவதே பொய். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. கையில் தூக்கினால் தெரியும், செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கும் அலுமினியத்துக்கு இல்லை. நாங்கள் தூக்கிப் பார்க்கவில்லை, விலையைத்தான் பார்த்தோம்.

கடைவீதியில் தானியக் குவியலொன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததே. மழையில் நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா, மக்கள் பார்த்து வாங்குவார்களே என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவரைத் தம்மோடு சேராதவர் என்று சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் செய்தி. பலமுறை பயானில் கேட்டதுதான். கையில் அந்தக் கம்பித் துண்டோடு நின்றபோது புதிதாகக் கேட்டது போலிருந்தது.

கடைக்காரரிடம் திரும்பப் போனோம். அவர் கோபப்படவில்லை. “எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க பாய், இதுவரைக்கும் ஒருத்தரும் சுரண்டிப் பார்த்ததில்லை” என்றார். வெட்டிய கேபிளைத் திரும்ப எடுக்கும் வழக்கம் இல்லையாம். பணம் போனது.

இரண்டாம் முறை திருநெல்வேலியில் வாங்கினோம். 305 மீட்டர் பெட்டியிலிருந்து அளந்து வெட்டுமுன், ஒரு முனையைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று மகன் கேட்டான். அந்தக் கடைக்காரர் தாமே பிளேடை எடுத்துத் தந்தார். இம்முறை இழுப்பதிலும் நிதானம் காட்டினோம். மின்கம்பி போகும் குழாயில் இதை நுழைக்காமல் தனிக் குழாய் பதித்தோம். அடுக்களைச் சுவரில் மின்கம்பியைத் தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டினோம். மூலைகளில் மடக்காமல் வளைத்தோம். சுவருக்குள் ஒற்றைக் கம்பியுள்ள கேபிள். சுவர்ப் பெட்டியிலிருந்து கணினிக்குப் பல இழைகள் முறுக்கிய இரண்டு மீட்டர்த் துண்டு, அது அசைந்தாலும் முறியாது. அல்ஹம்துலில்லாஹ், பிங் நாற்பதில் நின்றது. மகளின் அறைக்கும் ஒரு கிளை போனது. கத்தல் முழுவதுமாக நின்றுவிட்டது என்று சொன்னால் அதுவும் சிசிஏ கணக்குத்தான். மூன்று சுவர்களுக்கு அப்பால் போய்விட்டது, அவ்வளவே.

பிடுங்கிய பழைய கேபிள் பரணில் கிடந்தது. சென்ற மாதம் பக்கத்து வீட்டுக் காக்கா, தம் கடைக் கேமராவுக்குக் கேபிள் வேண்டும், உங்களிடம் ஒரு சுருள் இருக்கிறதாமே, விலை சொல்லுங்கள் என்றார். போட்ட காசில் பாதியாவது திரும்பட்டுமே என்று நாங்கள் ஒரு தொகையைச் சொல்லியும் விட்டோம். கம்பியின் தரம் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை.

மகன் மாடிப்படியில் இறங்கி வந்தான். கையில் அந்தச் சுரண்டிய துண்டு. “காக்கா, இது உள்ள அலுமினியம். கேமராவுக்கு இதுலயே கரண்டும் போகும்ல, சூடாகும். உங்களுக்கு வேணாம்” என்றான். எங்கள் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு நாங்கள் நன்றியுடையவர்களாக இருந்தோம். காக்கா துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திருநெல்வேலிக் கடை எங்கே இருக்கிறது என்று அவனிடமே விசாரித்துக்கொண்டு போனார்.

அந்தச் சுருளை இப்போது முற்றத்தில் துணி காயப்போடும் கொடியாகக் கட்டியிருக்கிறோம். ஈரத் துணியின் பாரத்தில் அது நாளுக்கு நாள் தொய்ந்துகொண்டிருக்கிறது.