நாலு புள்ளிகள்

2016இல் என் பழைய போனை அப்பாவுக்குக் கொடுத்தபோது அதிலிருந்த என் கூகுள் கணக்கை எடுக்க மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் அப்பா என் பெயரில் நடந்திருக்கிறார்.

சிறுசேரியில் இருந்த எனக்கு, மேப் திருநீர்மலையையே நீட்டிக்கொண்டிருக்கும். நான் ஊருக்குப் போவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். இதுக்கு என்னைவிட ஊர்ப்பாசம் என்று சிரித்துக்கொள்வேன்.

2017 ஆகஸ்ட் 24, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த நாள். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடினேன். அன்றைக்கும் என் கணக்கு அப்பாவின் பின்னால் போய்க்கொண்டுதான் இருந்தது.

அப்பா 2019இல் இறந்தார். 2024இல் கூகுளிலிருந்து மெயில்: டைம்லைன் பதிவுகள் இனி போனிலேயே இருக்கும், வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அழிந்துவிடும். அன்றைக்குத்தான் திறந்து பார்த்தேன்.

திருநீர்மலையில் பெருமாளுக்கு நாலு கோலம். அடிவாரத்தில் நீர்வண்ணர் நிற்கிறார். மலைமேல் நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், ரங்கநாதர் கிடக்கிறார், உலகளந்தவர் நடக்கிறார். சனிக்கிழமை நாலு பேரையும் சேவித்தால்தான் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கும். "மலையேறிட்டுதான்டா வரேன்" என்பார் போனில், கடைசி மாதம் வரைக்கும்.

மேப்பில் 2018 கார்த்திகைக்குப் பிறகு புள்ளி மலைக்குப் போகவே இல்லை. அடிவாரத்திலேயே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனை.

அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்குத் தெரியும்டா. உனக்குத்தான் சொல்ல வேணாம்னார்."

2013இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றி ஆபீஸில் நான் பேசியிருக்கிறேன். பெயர் நீக்கப்பட்ட 15 லட்சம் பேரின் செல்போன் பதிவுகள். எந்த நேரத்தில் எங்கே என்று நாலு புள்ளிகள் போதும், 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம். இங்கே பெயர் என்னுடையது. ஆனால் நாலு சனிக்கிழமைகளைப் பார்த்தவுடனே அது அப்பா என்று தெரிந்துவிட்டது.

கம்பெனிகள் நம்மை வேவு பார்ப்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். அப்பா ஒளித்து வைத்ததைத் தோண்டி எடுத்தது கம்பெனி இல்லை, நான். ஊரையும் அப்பாவையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்ற ஆசைதான் திறக்க வைத்தது. பாசம் வந்துவிட்டால் அனுமதி கேட்கத் தோன்றுவதில்லை.

செவ்வாய்க்கிழமைகளை ஒவ்வொன்றாக அழித்தேன். சனிக்கிழமைகளை என் போனுக்கு மாற்றிக்கொண்டேன். அதற்கும் அவரைக் கேட்டிருக்க வேண்டும்.