14-ஆ, 15-ஆ?

எங்க வீட்டு மாருதி 800-க்கு என்னை விட வயசு ஜாஸ்தி. போன மாசம் நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசலில் ஜாக்கி போட்டுத் தூக்கி, அப்பா முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார். டக் டக். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சத்தமில்லை. "டை ராடு எண்டு போச்சுடா." அது கழன்றால் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. மறுநாள் பாட்டியைக் கண் ஆபரேஷனுக்குக் கடலூர் கூட்டிப் போகணும்!

லாக் நட்டைத் தளர்த்தி, பின்னை உருவி, நக்கிள் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு போட்டதும் ஜாயிண்ட் விட்டது. பழைய எண்டு எத்தனை சுற்றில் கழன்றதோ, புதுசை அத்தனை சுற்று ஏற்றணும். அப்போதான் சக்கரம் ஏறக்குறைய பழைய கோணத்தில் நிற்கும். சுற்றுவதும் எண்ணுவதும் என் வேலை. நடுவில் போன் அடித்தது. 14-ஆ, 15-ஆ? "14" என்றேன், ரொம்ப தைரியமாக :-)

சாயங்காலம் வட்டத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். நேர் ரோட்டில் ஸ்டியரிங் கோணலாக நின்றது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எண்ணினாலும் அலைன்மெண்ட் பார்த்துத்தான் ஆகணும். காலையில கடை திறந்ததும் போயிடலாம். லேட்டாகும்னு பாட்டிகிட்ட நீயே சொல்லிடு."