ஐஸ்வாலில் ஒரு பிடி அரிசி

மிசோரம் போகிறவர்களுக்கு முதலில் ஒரு யோசனை. ஐஸ்வாலில் ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கடைகளுக்கு அன்று பூட்டு. சனிக்கிழமை மாலையே பழம், பிரெட், பிஸ்கட் என்று ஏதாவது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மற்ற நாட்களில் இந்த மலை நகரத்தின் ஒடுங்கிய சாலைகளில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி நிற்கும். ஆச்சரியம், யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்! ஞாயிறன்று அந்த வண்டிகளையும் அதிகம் காண முடியாது. கோட்டும் டையுமாக ஆண்கள், 'புவான்' என்னும் கைத்தறித் துணியை இடுப்பில் சுற்றிய பெண்கள், கையில் பைபிளும் பாட்டுப் புத்தகமும். மேட்டுத் தெருவிலிருந்து கீழ்த் தெருவுக்கும், கீழிருந்து மேலுக்குமாக ஊரே நடக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி மிசோரம் மக்களில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களில் பெரிய சபை பிரஸ்பிட்டேரியன். இந்தச் சபையில் பிஷப் கிடையாது. சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகர்களும் சேர்ந்துதான் நிர்வாகம் செய்கிறார்கள். மூப்பரை மிசோ மொழியில் 'உபா' என்பார்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கோயில், ஒரு வாலிபர் சங்கம், ஒரு பெண்கள் சங்கம். வாரத்தில் பல மாலைகள் இவற்றுக்கே போய்விடும்.

1894 ஜனவரி 11 அன்று லோரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேயர் இந்த மலைக்கு வந்தார்கள். எழுத்தே இல்லாத மொழிக்கு ரோமன் எழுத்தில் அரிச்சுவடி அமைத்தார்கள். 1897-ல் வேல்ஸ் நாட்டு மிஷனைச் சேர்ந்த டி.இ. ஜோன்ஸ் வந்தார். பிரஸ்பிட்டேரியன் சபை வளர்ந்தது அந்த மிஷனின் கையில்தான். வேல்ஸ்காரர்களுக்குப் பாட்டு உயிர். நம் 'ஸ ரி க ம' போலவே 'டோ ரே மி' என்று எழுதிப் பாடும் முறையையும் கொண்டுவந்தார்கள். இன்றும் நாலு குரலில் பிரித்துப் பாடும் சபைகளை இங்கே கேட்கலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு பாட்டு. 'லெங்க்காம் ஸாய்' என்று பெயர். 'குவாங்' என்ற முரசு தாளம் கொடுக்க, எல்லோரும் ஒரே குரலில், இழுத்து, நிதானமாகப் பாடுவது. இந்த முரசு ஒரு காலத்தில் கோயிலுக்குள் வரக்கூடாத பொருள். பழைய விழாக்களோடும் அரிசி மதுவோடும் சேர்ந்தது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1906-ல் தொடங்கி அலை அலையாக வந்த எழுப்புதல்களுக்குப் பிறகு, மக்கள் தங்கள் ராகத்தையும் முரசையும் தாங்களே உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். சாவு வீட்டிலும் இரவெல்லாம் இந்தப் பாட்டுத்தான் துணை.

இத்தனையும் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கக் கோயிலுக்குப் போக வேண்டாம், அடுக்களைக்குப் போனால் போதும். மிசோக்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாளைக்கு இரண்டு வேளை சோறு உண்பவர்கள். உலை வைக்க அரிசி அளந்ததும், வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவாள். இதன் பெயர் 'பூஃபாய் தாம்'. பிடி அரிசி என்றே சொல்லலாம். நம் ஊரிலும் பிடி அரிசிப் பழக்கம் உண்டு என்பதால் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சேரும் அரிசியைப் பெண்கள் சங்கத்தார் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். சபை அதை விற்றுக் காசாக்கும். கொடுத்த ஊர்க்காரர்களே திரும்பக் காசு கொடுத்து வாங்கிப் போவதும் உண்டு. பத்து வீட்டு அரிசி ஒரே மூட்டையில் கலந்தால் ஒரே பதத்தில் வேகாது என்று அடுக்களை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? இருந்தும் வாங்குகிறார்கள். அந்தப் பணம் மிஷன் வேலைக்கு, வெளி மாநிலங்களில் இருக்கும் ஊழியர்களுக்குப் போகிறது. ஆண்டுக்குப் பல கோடி ரூபாய், எல்லாம் கைப்பிடிக் கணக்கில்.

இந்தப் பழக்கம் தொடங்கிய ஆண்டு 1910. அடுத்த ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? மூங்கில் பூத்தது. இங்குள்ள ஒரு வகை மூங்கில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை காடு முழுக்க ஒன்றாகப் பூக்கும். அதன் காய்களைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் எலிப்படை வயலுக்கும் களஞ்சியத்துக்கும் பாயும். 'மௌதாம்' என்ற அந்தப் பஞ்சம் 1911-12-ல் வந்தது, மறுபடி 1959-ல் வந்தது. பிறகு 1966-ல் கிளர்ச்சி. ஐஸ்வால்மேல் குண்டு விழுந்தது, கிராமங்களைக் காலி செய்து மக்களைச் சாலையோர முகாம்களில் குடியமர்த்தினார்கள். 1986-ல் சமாதான ஒப்பந்தம் வரும்வரை சபைத் தலைவர்கள் இரு பக்கமும் தூது போனார்கள். ஒரு பிடியை எடுத்து வைத்தால் பிள்ளைக்கு ஒரு கவளம் குறையும் என்ற காலங்களையும் இந்தப் பழக்கம் தாண்டி வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. நூறாண்டுக்கும் மேலாக இந்தச் சபையைத் தாங்கும் பிடி பெண்களுடைய கைப்பிடி. ஆனால் அந்தக் காலமெல்லாம் போதகராகவும் உபாவாகவும் இருந்து வந்தவர்கள் ஆண்கள். இறையியல் படித்துத் தேறிய பெண்கள் இல்லாமலில்லை. சபைக்குள்ளேயே இதைக் கேட்கும் குரல்களும் நெடுநாளாக உண்டு. விருந்தாளி தீர்ப்புச் சொல்லக்கூடாதுதான், சரி. ஆனால் உலை வைக்கும்போதெல்லாம் நினைவாக ஒரு பிடி எடுத்து வைப்பவளுக்கு, பிரசங்க மேடை ஏற மட்டும் என்ன தகுதிக் குறைவு?

போக விரும்புகிறவர்களுக்கு: இன்னர் லைன் பர்மிட் எடுக்க மறக்காதீர்கள். லெங்புய் விமான நிலையத்திலிருந்து நகரம் சுமார் 30 கிலோமீட்டர். 2025 செப்டம்பர் முதல் ஐஸ்வாலுக்கு அருகே சாய்ராங் வரை ரயிலும் வருகிறது. யார் வீட்டிலாவது தங்க வாய்த்தால், காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து அடுக்களைப் பக்கம் போய் நில்லுங்கள். கண் இமைக்கும் நேரத்தில் அந்தப் பிடி பாத்திரத்துக்குள் போய்விடும்.