வானம் மறைக்கும் வீடுகள்

1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துச் சென்னையின் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு தெருக்கள் விரிந்தன. ஒரு தளமும் இரு தளமுமாக வீடுகள் எழுந்தன. முன்புறம் வேம்பு, பின்புறம் கிணறு, மாலைக் காற்றுக்கு மொட்டைமாடி.

இன்று அவ்வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, ஒரு குடும்பம் வாழ்ந்த மனையில் பல குடும்பங்கள் குடியேறுகின்றன. இதனைக் குற்றமெனத் தள்ளிவிட இயலாது. ஊர் பெருகினால் வீடுகளும் பெருகவே வேண்டும். அவை பக்கவாட்டில் பரவினால் எஞ்சிய ஏரிகளும் வயல்களும் அழியும்.

எனினும், கட்டடம் உயர்கிறதேயன்றித் தெரு அகலவில்லை. சில வீடுகளுக்கெனப் புதைத்த கழிவுநீர்க் குழாய் பல வீடுகளின் சுமையைத் தாங்குகிறது. ஆழ்துளைக் கிணறு இறங்க இறங்க, அயல்வீட்டுக் கேணி வறள்கிறது. தரை முழுதும் சிமெண்டால் மூடப்பட்டபின் மழைநீர் மண்ணுள் இறங்க வழியில்லை. நிழல் கவிந்த அடுத்த வீட்டு முற்றத்தில் வற்றல் காய்வதில்லை. அவ்வீட்டு மூதாட்டியின் இழப்பு எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டுவனவற்றை உயர்மாடிக் கட்டடங்களென வகுத்து, தெருவின் அகலத்தையும் கருத்திற்கொண்டே இசைவளிக்கின்றன. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதற்கொண்டே கட்டாயமாகும். இவை ஏட்டளவில் நின்றால் பயனில்லை. கட்டியவர் விற்றுவிட்டு விலகுவர். விளைவைச் சுமப்போர் தெருவில் வாழ்வோரே. புதிதாகக் குடிவருவோரும் நாளை அத்தெருவினரே ஆவர். ஆதலால், கட்டடம் எழுமுன் நீரையும் வெளிச்சத்தையும் வழியையும் பற்றி வினவுதல் பகைமையன்று. இருசாராருக்கும் உரிய கடமையாகும்.