நந்தனத்தில் பெய்வது பனி அல்ல... புங்கம்பூ!

அண்ணா சாலை வழியாகப் போகிறவர்களுக்கு நந்தனம் என்பது ஒரு சிக்னல். தேவர் சிலை, மெட்ரோ ரயில் நிறுவனத்தின் உயர்ந்த கட்டடம்... பச்சை விளக்கு விழுந்ததும் ஊர் முடிந்துவிடும். பெரிய சாலையை விட்டு உள்தெருவுக்குள் திரும்பினால் கதை வேறு. ஹாரன் சத்தம் பின்தங்கி நிழல் விழத் தொடங்கும். காம்பவுண்டு சுவருக்கு மேல் மாமரக் கிளை, கேட் ஓரம் செம்பருத்தி, பின்பக்கம் இரண்டு தென்னை. தனி வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. மரங்கள் பல இன்னும் மிச்சமிருக்கின்றன.

பெயரிலேயே தோட்டம் உள்ள ஊர் இது. புராணத்தில் இந்திரனின் தோட்டத்துக்கு நந்தனம் என்றுதான் பெயர். ஆனால், சென்னைக்கு இந்தப் பெயர் வந்த வழி வேறு. தமிழ் ஆண்டு வரிசையில் நந்தன ஆண்டு 1952-53ல் வந்தது. அந்த ஆண்டில் உருவான குடியிருப்பு என்பதால், அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜி இப்படிப் பெயர் சூட்டினார் என்பார்கள். அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து, 2012-13ல் நந்தன ஆண்டு மறுபடியும் வந்து போயிற்று.

மாதத்துக்கு ஒரு குப்பை

இந்தத் தெருக்களில் தரையைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம். மாசி, பங்குனியில் வேப்பஞ்சருகு. வாதாம் மரம் உள்ள வீடு என்றால், உள்ளங்கையைவிடப் பெரிய சிவந்த இலைகள். சித்திரை பிறந்தால் புங்கம்பூ. காலையில் கதவைத் திறந்தால் கார் மேல், வாசல் மேல், போட்ட கோலத்தின் மேல் பொடிப்பொடியாக வெளிர் நிறத்தில் ஒரு விரிப்பு. சென்னைக்கு வாய்த்த பனிப்பொழிவு இதுதான்!

ஐப்பசியில் மழை பிடித்ததும் அழகு போய் ஆபத்து வருகிறது. நனைந்த இலைகள் மழைநீர் வடிகாலின் வாயில் அப்பிக்கொள்ளும். பக்கத்திலேயே அடையாறு. 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையில் அந்த ஆறு பெருகி ஓடியதைப் பார்த்தவர்களுக்கு, வடிகாலை அடைத்து நிற்கும் ஒரு கூடைச் சருகு அற்பமாகத் தெரியாது.

இதையெல்லாம் அள்ளுவது யார்? பல வீடுகளில் எழுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் கனடாவிலோ அமெரிக்காவிலோ. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், "அப்பா, இங்க பனி தள்ள பேட்டரி மெஷின் வாங்கியிருக்கேன். உங்களுக்கும் தோட்டத்துக்கு ஒரு செட் அனுப்பட்டுமா?" என்ற கேள்வி வருவது இப்போது புதிதல்ல.

பதில் சொல்வதற்கு முன், அங்கே அந்த மெஷின் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

டொராண்டோவின் கணக்கு

டொராண்டோ பக்கம் ஒரு வீட்டின் கார் பாதை 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 6 கன மீட்டர். புதுப்பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ என்றாலும் மொத்தம் 600 கிலோ. ஈரப்பனி என்றால் இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், கனத்த பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடம் மாரடைப்பு கூடுவதைக் கண்டார்கள். பனி அள்ளும் கடும் உழைப்பே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

ஆகவே அங்கே பெரிய மெஷின் ஆடம்பரம் அல்ல. 56 வோல்ட், 7.5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டைப் பூட்டி ஓட்டும் ரகங்கள்கூட உண்டு. ஆனால், அதே சக்தி நந்தனத்தில் ஒரு கூடைப் புங்கம்பூவுக்குத் தேவையா?

ஒரே ஒரு பெருக்கல்

பேட்டரிக் கருவி வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர் வரும். பேட்டரிக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று சொல்வது அந்த எண்தான். 18 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர் என்றால் 36. அதே 18 வோல்ட்டில் 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 72. மேலே சொன்ன பனி மெஷினின் ஒரு பேட்டரி 420. இரண்டும் சேர்ந்தால் 840.

400 வாட் இழுக்கும் ஒரு ப்ளோயரை 72 வாட்-ஹவர் பேட்டரியில் முழு வேகத்தில் ஓட்டினால் 11 நிமிடம்கூட ஓடாது. வீட்டு முற்றத்துக்கு அது போதும். அடுக்குமாடியின் முழு வளாகத்துக்குப் போதாது. 'இவ்வளவு நேரம் ஓடும்' என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் குறைந்த வேகத்துக்கான கணக்கு.

இன்னொரு குழப்பம், 18 வோல்ட்டா, 20 வோல்ட்டா என்பது. இரண்டும் அநேகமாக ஒன்றுதான். உள்ளே 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக இருக்கும். சராசரியைச் சொன்னால் 18. முழுதாகச் சார்ஜ் ஆனதும் அளந்தால் 20-ஐத் தாண்டும். ஆன்லைனில் மலிவு விலையில் வரும் சில பேட்டரிகளில் '48 விஎஃப்', '88 விஎஃப்' என்று ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அது மாடலின் பெயரே தவிர வோல்ட் அல்ல.

பெட்டியில் 'பேர் டூல்' அல்லது 'சோலோ' என்று இருந்தால் கருவி மட்டும்தான். பேட்டரியும் சார்ஜரும் தனி. அதனால் முதலில் ஒரு கம்பெனியின் ஒரு பேட்டரி வகையை முடிவுசெய்துவிட்டு, அதில் பொருந்தும் கருவிகளை ஒவ்வொன்றாக வாங்குவதே சிக்கனம்.

இலைக்கு எது, கிளைக்கு எது?

காய்ந்த சருகுக்கு ப்ளோயர் கைகொடுக்கும்; மொட்டைமாடி, ஓட்டுக்கூரை, கார் ஷெட் மூலை போன்ற இடங்களில் குனியாமல் வேலை முடியும். ஆனால் சென்னை மண் புழுதி மண். இலையோடு புழுதியும் கிளம்பி அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணியில் படியும். நனைந்த இலை என்றால் ப்ளோயருக்கு அசையவே அசையாது. அங்கே தென்னந்துடைப்பத்துக்கு ஈடு இல்லை. பேட்டரியில் ஓடுவது பெட்ரோல் ப்ளோயரைவிடச் சத்தம் குறைவு, அவ்வளவே. சத்தமே இல்லை என்று எண்ணிக் காலை 6 மணிக்கு ஓட்டக் கூடாது. சத்தத்துக்காகவும் புகைக்காகவும்தான் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2022 ஜனவரி முதல் பெட்ரோல் ப்ளோயருக்குத் தடை வந்தது.

கூட்டிய சருகைக் கொளுத்துவது எளிது என்று தோன்றும். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. தோட்டத்து மூலையில் குழியோ, பழைய டிரம்மோ இருந்தால் அது உரமாகிவிடும்.

செம்பருத்தி வேலிக்கு ஹெட்ஜ் டிரிம்மர், கை மொத்தக் கிளைக்குச் சிறிய பேட்டரிச் செயின் ரம்பம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை மரங்களைச் சாய்த்துப்போட்டபோது, மின்சாரம் போன தெருக்களில் அரிவாளும் கை ரம்பமும்தான் வேலை செய்தன. அப்படிப்பட்ட நாளில் பேட்டரி ரம்பத்துக்குத் தனி மதிப்பு உண்டு. புயல் எச்சரிக்கை வந்த அன்றே சார்ஜ் போட்டிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

கையடக்கமாக இருப்பதால் அது பொம்மை ஆகிவிடாது. சங்கிலியின் நுனி எதிலாவது பட்டால் ரம்பம் நம்மை நோக்கித் துள்ளும். கண்ணாடி, கையுறை இல்லாமலும், ஏணி மேல் நின்றுகொண்டும் இயக்கவே கூடாது. எட்டாத உயரத்துக்குத் துறட்டியோ ஆளோதான் சரி. தெருவோர மரம் மாநகராட்சிக்கு உரியது. வெட்ட அனுமதி வேண்டும். விழுந்த மரத்துக்கு 1913-ஐ அழைக்கலாம். கிளை மின்கம்பியில் சாய்ந்திருந்தால் தொடாமல், மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

பேட்டரிக் கருவி நமக்குப் புதிது என்றும் நினைக்க வேண்டாம். கிராமங்களில் பேட்டரி ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிப்பது சகஜம். ஆனால் 16 லிட்டர் டேங்கை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. மாடித் தோட்டத்தின் முப்பது தொட்டிக்கு 2 லிட்டர் கைப்பம்பு போதும், முதுகும் பிழைக்கும்.

வெளிநாட்டுப் பெட்டி வேண்டாம்

பிள்ளைகள் அன்போடு கேட்கும் கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். விமானத்தில் 100 வாட்-ஹவர் வரையிலான லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் கொண்டுவரலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுவர முடியாது. பனி மெஷினின் 420 வாட்-ஹவர் பேட்டரி விமான நிலையத்தோடு நின்றுவிடும். சிறிய பேட்டரி வந்து சேர்ந்தாலும், கனடாவின் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். அந்த ஊர் சார்ஜரை நேராகச் சொருகினால் புகைதான் மிஞ்சும். பழுதானால் பாகமும் கிடைக்காது, வாரண்டியும் பேசாது.

நந்தனம் மெட்ரோவில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் உயர் நீதிமன்றம். அங்கே இறங்கினால் பாரிமுனை. பக்கத்துத் தெருக்களில் கருவிக் கடைகள். கையில் தூக்கி எடையைப் பார்க்கலாம், சத்தத்தைக் கேட்கலாம், சர்வீஸ் சென்டர் சென்னையில் எங்கே என்று விசாரிக்கலாம். வீட்டில் கருவியைப் பிடிக்கப்போவது அம்மா என்றால் அம்மாவே போய்த் தூக்கிப் பார்ப்பது உத்தமம்.

வெயிலும் வெள்ளமும்

லித்தியம் பேட்டரிக்குக் கனடாவில் குளிர் எதிரி. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெடும். சென்னையில் வெயில் எதிரி. கத்திரி வெயிலில் மொட்டைமாடி அறையிலோ பூட்டிய காரிலோ வைத்தால் ஆயுள் குறையும். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை ஆறவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். பல வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், வீட்டுக்குள், குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. மழைக்காலத்தில் தரைத்தளத்து ஷெட் வேண்டவே வேண்டாம். உயரமான அலமாரி தேவை. வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியைக் காயவைத்துச் சார்ஜ் போடுவது தீயை வரவழைப்பது. உப்பிய, உடைந்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன.

நந்தனத்துச் சிறிய தோட்டத்துக்கு 18 வோல்ட்டில் 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றோ இரண்டோ, வேலி இருந்தால் ஒரு டிரிம்மர், கிளை கழிக்கும் அளவுக்கு மரம் இருந்தால் ஒரு சிறிய ரம்பம். அதற்கு மேல் வாங்குவது பெரும்பாலும் ஷெட்டை நிரப்பத்தான். மிச்சமாகும் பணத்தில், ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு நாள் ஆள் வைத்து, வாசலில் உள்ள வடிகாலின் வாயைச் சுத்தம் செய்துவிடலாம். அந்த வேலைக்கு இன்றைக்கும் ஒரு மண்வெட்டியும் ஒரு துடைப்பமும் போதும்.