பனிக்கால விருந்தினர்

மார்கழி பிறந்ததும் மாணவருடன் பறவை காணப் புறப்படுதல் எமக்கு வழக்கம். கொஸ்லந்தை ஓடைகளிலே, வடக்கிலிருந்து வந்த சாம்பல் வாலாட்டி கல்லுக்குக் கல் தாவி இரை தேடும். வெல்லவாய வழியே கீழிறங்கினால் அம்பாந்தோட்டைத் துறைமுகம். அதன் அயலிலே, புந்தல உப்பளங்களில் உள்ளான் கூட்டங்கள் சேற்றைக் கிளறும். அவ்வீரநிலம் 1990ஆம் ஆண்டிலே, இலங்கையில் முதலாவதாக, ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வந்துபோகும் விருந்தினர்க்கும் தங்குமிடம் வேண்டுமென உலகம் ஒப்பிய செயலன்றோ அது!

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தவை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது. அபாயமென முன்னரே எச்சரிக்கப்பட்ட அச்சரிவில், பறவைகள் வந்திறங்கும் பருவத்திலே, 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை லயன் வீடுகளை மண் மூடியது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை வளர்த்தோர்க்கு, வேறிடம் பெயர்ந்து வாழச் சொந்தக் காணி இருக்கவில்லை. விருந்தினரைப் பேணும் நாடு, வீட்டாரையும் பேணுதல் வேண்டும்.