சிவப்புப் பொத்தானை அமுக்காத டீச்சருக்கு

பழங்காநத்தம், மதுரை

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

பெயர் போடாமல்தான் எழுதுகிறேன், போட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ரவுண்டானாவைத் தாண்டி உள்ளே திரும்பும் எங்கள் தெருவில் டீச்சர் என்றால் நீங்கள்தான், அது போதும். 2003 ஜூலையில் உங்களோடு சேர்த்து வேலையிலிருந்து தூக்கப்பட்ட சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் இதைத் தங்களுக்கு வந்த மடலாகவே வாசிக்கலாம்.

இத்தனை வருஷம் கழித்து எழுத வைத்தது ஒரு புதிர். கல்லூரிப் பிள்ளைகள் கைபேசியை வைத்துக்கொண்டு சண்டை போடுகிற புதிர். உலகத்தில் எல்லோரும் ரகசியமாக ஆளுக்கொரு பொத்தானை அமுக்க வேண்டும். சிவப்பை அமுக்கியவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. நீலத்தை அமுக்கியவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் எல்லோரும் பிழைப்பார்கள். பாதிக்குக் குறைந்தால் நீலத்தை அமுக்கியவர்கள் மட்டும் செத்துப்போவார்கள். நீங்கள் எதை அமுக்குவீர்கள்?

எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் அக்கா மகன் யோசிக்கவே இல்லை. "எல்லாரும் செவப்ப அமுக்கிட்டா யாருக்கும் ஒண்ணுமில்லயே மாமா. நீலத்த அமுக்குறவன் தானாப் போயிக் கெணத்துல குதிக்கிறான். அவனுக்காக நானும் குதிக்கணுமா?" என்றான். "வெவரம் தெரியாத சின்னப் புள்ளைக அமுக்கிருச்சுன்னா என்னடா பண்ணுவ?" என்று கேட்டாள் என் மனைவி. அன்றைக்குச் சோறு ஆறிப்போனதுதான் மிச்சம். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

இந்தத் தலைமுறைக்கு அந்த ஜூலை தெரியாது. ஓய்வூதியச் சலுகை, ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பெறும் பணம், போனஸ் என்று ஒவ்வொன்றிலும் தமிழக அரசு கை வைத்துக்கொண்டிருந்த நேரம். 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வருபவர்களுக்குப் பழைய ஓய்வூதியமே கிடையாது என்றும் அதே ஆண்டில் ஆகிவிட்டது. ஜூலை 2 முதல் வேலைநிறுத்தம் என்று சங்கங்கள் அறிவித்தன. அரசின் கையில் 2002இல் கொண்டுவந்த டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் இருந்தது. அது போதாதென்று ஓர் அவசரச் சட்டமும் வந்தது. தலைவர்களைக் கைது செய்தார்கள். விளக்கம் கேட்காமல், விசாரணை வைக்காமல், ஒரே வீச்சில் பணிநீக்கம். 'அவ்வளவு பேரையுமா அனுப்பிவிடுவார்கள்' என்று யாரும் அலட்சியமாக இருந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சாலைப் பணியாளர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஆக, புதிரில் வருகிற அதே கணக்குதான். வேலைக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு பயமும் இல்லை. போகாதவர்கள் நிறையப் பேர் இருந்தால் எல்லோருக்கும் நல்லது. கொஞ்சப் பேர் என்றால் அவர்கள் குடும்பம் தெருவில் நிற்கும். ஆனால் அக்கா மகனுடைய வாதம் ஓர் இடத்தில் இடறுகிறது. எல்லோரும் சிவப்பை அமுக்கினால் புதிரில் யாருக்கும் நஷ்டமில்லை. 2003இல் அப்படி அமுக்கியிருந்தால் பறிபோனது பறிபோனதுதான், அடுத்ததாக எது போகும் என்று காத்திருக்க வேண்டியதுதான். பத்திரமாக இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதைப் புதிர் போட்டவர் யோசிக்கவில்லை.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரிது. புதிரில் எல்லோரும் தனித்தனி. யாரும் யாரிடமும் பேசக் கூடாது. நீங்களோ ஜூன் மாதம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தீர்கள். பள்ளி விட்டதும் வசந்த நகர், டி.வி.எஸ். நகர், ஜெய்ஹிந்த்புரம் என்று வீடு வீடாகப் போனீர்கள். நான் திண்ணையில் இருந்து கேட்டிருக்கிறேன், நீங்கள் யாரையும் "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. "நான் ரெண்டாந் தேதி போக மாட்டேன், ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்பீர்கள், காபி குடிப்பீர்கள், கிளம்பிவிடுவீர்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. எத்தனை பேர் நிற்பார்கள் என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு, ஒருவர் நிச்சயம் நிற்கிறார் என்ற கணக்கையாவது கொடுத்தீர்கள்.

மான்கர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1965இல் கூட்டுச் செயல்பாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பெரிய கூட்டத்தில் தனி மனிதன் பொதுக் காரியத்துக்குக் கைகொடுக்க மாட்டான், ஏனென்றால் அவன் சும்மா இருந்தாலும் பலனில் பங்கு வந்துவிடும் என்பது அவருடைய வாதம். கட்டாயமோ தனிச் சலுகையோ இருந்தால்தான் வருவானாம். படிக்கப் படிக்க மறுக்க முடியாத புத்தகம்தான். ஆனாலும் பலன் வரும் என்ற உறுதி துளியும் இல்லாமல், வேலை போகும் என்ற மிரட்டல் மட்டும் தெளிவாக இருந்தபோது, இத்தனை பேர் எப்படி வீட்டில் இருந்தார்கள் என்பதற்கு அதில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஓல்சன் சொன்ன அந்தச் சும்மா இருந்த ஆளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். என் அப்பா அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். தங்கச்சி கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். ஜூலை 2 அன்று காலையில் வழக்கம்போலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டார். உங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். "என்னண்ணே, ஆபீசுக்கா?" என்று எப்போதும் கேட்பதையே கேட்டீர்கள். பணிநீக்கம் ஆன பிறகும், உங்கள் வீட்டில் மளிகைக் கடன் ஏறிக்கொண்டிருந்தபோதும், அந்தக் கேள்வியின் தொனி மாறவில்லை. கருங்காலி என்று ஒரு வார்த்தை வரவில்லை. தங்கச்சி கல்யாணத்தில் முந்தின நாளே வந்து காய் நறுக்கினீர்கள். பின்னாளில் போனசும் சரண்டரும் திரும்ப வந்தபோது, உங்களைப் போலவே அப்பாவுக்கும் வந்தது. அந்தப் பணம் எங்கள் வீட்டுக்குள் வந்த வழி உங்கள் வாசல் வழியாகத்தான். அப்பா கடைசி வரைக்கும் இதை உங்களிடம் சொல்லவில்லை. கூச்சமாக இருந்திருக்கும். நான் சொல்கிறேன்: நன்றி டீச்சர்.

ஊர் முழுக்க உங்கள் பக்கம் இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். பள்ளி திறந்த மாதங்கள். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் நடையாய் நடந்து திரும்பியவர்கள் உங்களைத் திட்டினார்கள். அவர்கள் கையில் எந்தப் பொத்தானும் இல்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அற உரிமையும் இல்லை என்று சொன்னதில் அந்தக் கோபமும் கலந்திருக்கிறது. அற உரிமை பற்றிச் சொன்னதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சலுகைகளை ஒவ்வொன்றாகப் பறித்து ஊழியர் குடும்பங்களின் சோற்றில் கை வைப்பதைத் தட்டிக் கேட்க வேறு வழி என்ன இருந்தது?

அதே வழக்கில்தான் பெரும்பாலானவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அரசு சம்மதித்தது. நிபந்தனையற்ற மன்னிப்பும், நடத்தை விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். சுமார் 6,000 பேருக்கு அதுவும் உடனே கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதிகள் முன் அவர்கள் முறையிட வேண்டியிருந்தது. நீங்களும் எழுதிக் கொடுத்தீர்கள். அதைத் தோல்வி என்று உங்கள் சங்கத்திலேயே சிலர் சொன்னதாகக் கேள்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூற்று எழுபது பேர் மட்டும் நின்றிருந்தால் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்புகூட வந்திருக்காது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் நின்றதால்தான் அரசுக்கே ஒரு வழி தேவைப்பட்டது. அடுத்த மே மாதம் மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கூட்டணி தோற்றது. அதன் பிறகு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளைக் கைவிடுவதாக முதலமைச்சர் ஜெயலலிதாவே அறிவித்தார். 2003 ஏப்ரல் முதல் வேலைக்கு வந்தவர்களின் பழைய ஓய்வூதியம் மட்டும் அப்போது திரும்பவில்லை. அதற்காக 2019 ஜனவரியிலும் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ தெருவுக்கு வந்தது.

டீச்சர், ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஜூலையைப் பற்றி நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, பத்திரிகைச் செய்திகள் இருக்கின்றன. ஜூன் மாதத்து வீடுகளில் என்ன பேசினீர்கள், யார் தயங்கினார்கள், யார் கடைசி ராத்திரியில் மனம் மாறினார்கள், உங்களுக்கே எப்போது பயம் வந்தது என்பதெல்லாம் எங்கேயும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எழுதி வையுங்கள். கண் ஒத்துழைக்கவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். அக்கா மகனை அனுப்புகிறேன், நீங்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்காரன்